நாற்பது நொடி

டெல்மார் ஓஸ்விக்கை
நான் பலமுறை வெட்டியிருக்கிறேன்.
படத்தொகுப்பு என் பிழைப்பு,
வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.

எட்டு சீசன் ஓடிய ஆஸ்பத்திரித் தொடரில்
அவர் மயக்க மருந்து கொடுப்பவர்.
நோயாளியின் தலைமாட்டில் ஒரு முக்காலி,
பச்சைத் தொப்பி, பச்சை முகமூடி,
நடுவே இரண்டு கண்.
"பத்துலேருந்து பின்னால எண்ணுங்க"
இதுதான் வாராவாரம் அவர் வசனம்.
ஏழைத் தாண்டி எவரும் எண்ணியதில்லை.
ஏழில் நான் வெட்டிவிடுவேன்.

வடக்கு டகோட்டாவில்
தானியக் கிடங்கைத் தவிர உயரமாய் ஏதுமில்லாத ஊரிலிருந்து
எழுபத்தொன்பதில் பஸ் ஏறி வந்தவர்.
முதல் வேடம் பற்பசை விளம்பரத்தில், பல்.
அப்புறம் ஒரு போலீஸ்காரர், முதுகு மட்டும்.
பிறகு எங்களிடம், கண்.
"தவணை முறையில் தெரிஞ்சுக்கிட்டிருக்கேன்,
இன்னும் காது பாக்கி" என்பார்.

கதாநாயகனுக்கு அழுகை வராமல்
மூக்கை மட்டும் உறிஞ்சும்போதெல்லாம்
டெல்மாரின் கண்ணுக்குத் தாவுவேன்.
ஒன்றரை நொடி போதும்.
நாயகன் அழுததாகவே
நாடு நம்பியது.
அந்த ஆளுக்கு விருது கிடைத்தது.
மேடையில் நன்றி சொன்ன பட்டியலில்
அவர் வளர்த்த நாயின் பெயர் இருந்தது.

அறுபத்தோராவது பகுதியில்
டெல்மாருக்கு கேன்டீன் காட்சி எழுதினார்கள்.
முகமூடி இல்லை. சூப் குடிக்க வேண்டும்.
வான் நைஸ் வீட்டில் ஒரு வாரம்
இரவுச் சாப்பாடு வெறும் சூப்தான் என்று
கொரீன் பின்னாளில் சொன்னாள்.
வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு
மேலிடத்திலிருந்து போன்:
கார் விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது,
நாற்பது நொடி குறை.

ஒளிபரப்பான அன்று
பதினான்கு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தாராம்.
மறுநாள் என் அறைக்கு வந்தார்.
வீட்டு மரத்து எலுமிச்சை ஒரு பை நிறைய.
மேசையில் வைத்தார்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது.

தொடர் முடிந்தது.
நீச்சல் குளத்துக்கு மூடி விற்றார்.
மறுஒளிபரப்புக்கு அவ்வப்போது செக் வரும்,
பதினோரு சென்ட், எட்டு சென்ட்.
உறையில் ஒட்டிய தபால்தலை
உள்ளே இருப்பதை விட விலை அதிகம்.

பிறகு அந்த நோய்க்காலம்.
பர்பேங்க் கடை வரிசையில்
ஆளுக்கு ஆறடி தள்ளி நிற்கையில்
முன்னால் நின்ற பெண் திரும்பினாள்,
இன்னொருமுறை திரும்பினாள்.
"நீங்க அந்த மயக்க டாக்டர்!
அம்மா படுக்கையில் கிடந்த வருஷம்
தினமும் உங்களைப் பார்த்தோம்."
முப்பது வருடத்தில் முதல்முறை.
முகம் கொடுத்து நன்றி சொல்ல
முகமூடியை இறக்கினார்.
அவள் இரண்டடி பின்வாங்கினாள்.
"மன்னிக்கணும், வேற யாரோன்னு நினைச்சிட்டேன்."

போனில் இதைச் சொல்லிவிட்டு
விழுந்து விழுந்து சிரித்தார்.
நானும் சிரித்தேன்,
ஒரு கணம் தாமதமாக.
அந்த ஒரு கணத்தை
அவர் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

பிப்ரவரியில் கொரீன் அழைத்தாள்.
இறுதிச் சடங்குக்குப் படம் வேண்டும்,
வேலை செய்கிற மாதிரி, முகத்தோடு.

கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்
இருந்தது.
ஏன் எறியவில்லை என்று கேட்காதீர்கள்.
தகர மூடியைத் திறந்ததும் காடி நெடி.
சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
அவளும் நானும் தலையை ஒட்டிவைத்துப் பார்த்தோம்.
கரண்டியை ஊதுகிறார்.
குடிக்கிறார்.
கதையில் இல்லாத உப்புக்குடுவையை எட்டி எடுக்கிறார்.
நிமிர்ந்து
யாரோ அழைத்ததுபோல் பார்க்கிறார்.

"யாரைப் பார்க்கிறார்?"

அங்கே ஒரு தூண் இருந்தது.
பார்வை நிற்க வேண்டிய உயரத்தில்
சாக்பீஸ் கோடு ஒன்று.
அதை நான் சொல்லவில்லை.

"எப்பவும் உப்பு அதிகம் போட்டுக்குவார்"
என்றாள் கொரீன்.